பிக்ஸி ஸ்டோய்கோவிச் நிஜமாகவே அவ்வளவு பெரிய ஆளா?

கேள்வி இது: "2025 அக்டோபரில் செர்பியா கால்பந்து அணியின் கோச் டிராகன் ஸ்டோய்கோவிச் ராஜினாமா செய்த செய்தியைப் படித்தேன். 'யூகோஸ்லாவியா கண்ட மகத்தான ஆட்டக்காரர்களில் ஒருவர்' என்று போட்டிருந்தார்கள். நான் பெயரே கேள்விப்பட்டதில்லை. ஆட்டக்காரராக அவ்வளவு பெரிய ஆளா? கோச்சாக எப்படி? ஒரே ஒரு வீடியோ பார்ப்பதென்றால் எதைப் பார்ப்பது?"

முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம், அவ்வளவு பெரிய ஆள்தான். இரண்டாவதுக்கு: கிளப் கோச்சாக நல்லவர், நாட்டு அணிக்குப் பாதி கிணறு தாண்டியவர். இரண்டையும் பிரித்துப் பேச முடியாது. மைதானத்தில் அவரைப் பெரிய ஆளாக்கிய அதே குணம்தான் கோச் நாற்காலியில் அவரைச் சில நாள் தூக்கியும் விட்டது, சில நாள் கவிழ்த்தும் விட்டது. மூன்றாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

செர்பியாவின் தென்பக்கம் நிஷ் என்ற ஊர். அங்கே 1965 மார்ச் 3-ஆம் தேதி பிறந்தவர். சின்ன வயதில் டிவியில் வந்த கார்ட்டூன் எலி ஒன்றின் பெயர் பிக்ஸி. அது இவருக்கு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் செர்பியாவில் யாரும் "ஸ்டோய்கோவிச்" என்று முழுசாகச் சொல்வதில்லை. ஜப்பானிலும் பிக்ஸிதான். ஊர்க் கிளப்பான ராட்னிச்கியில் ஆரம்பித்து, 19 வயதிலேயே 1984 யூரோ போட்டிக்கு (ஐரோப்பிய நாடுகள் மோதும் தொடர்) போனார். அதே வருஷம் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம். 1986-இல் பெல்கிரேடின் ரெட் ஸ்டார்.

ரெட் ஸ்டாரில் ஒரு வழக்கம் உண்டு. கிளப்பின் வரலாற்றிலேயே தனித்து நிற்கும் ஆட்டக்காரருக்கு 'ஸ்வெஸ்தாவின் நட்சத்திரம்' என்று பட்டம் கொடுப்பார்கள் (ஸ்வெஸ்தா என்பது ரெட் ஸ்டாரின் உள்ளூர்ப் பெயர்). எத்தனையோ பேர் ஆடிய கிளப்பில் தனி ஆளாக இதைப் பெற்றவர்கள் ஐந்தே பேர்: மிதிச், ஷெகுலராட்ஸ், ஜாயிச், பெத்ரோவிச், பிறகு பிக்ஸி. ஆறாவது பட்டம் 1991-இல் கிளப்களுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்ற மொத்த அணிக்கும் போனது. அந்த அணியில் பிக்ஸி இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் அவர் கதையே இருக்கிறது.

அவர் எண் 10, அதாவது அணியின் தாக்குதலைக் கட்டி எழுப்பும் ஆள். பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கும் ரகம். வேகமாக ஓடுபவர் என்று சொல்ல மாட்டேன். எதிராளியைத் தப்பான பக்கம் ஓட வைப்பவர். 1988 அக்டோபர், நவம்பரில் ஐரோப்பியக் கோப்பையில் கோச் சாக்கியின் மிலான் அணியை எதிர்த்து ஆடினார்கள். குல்லிட், வான் பாஸ்டன், பரேசி இருந்த மிலான். சான் சீரோவில் 1-1. ரெட் ஸ்டாரின் கோல் பிக்ஸியுடையது. பெல்கிரேடில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் சவிச்செவிச் கோல் போட்டு ரெட் ஸ்டார் 1-0 என்று முன்னால் இருந்தது. அந்த நேரம் பார்த்து மைதானத்தை மூடுபனி மூடியது. பந்து எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஆட்டத்தை நிறுத்தி, மறுநாள் 0-0-விலிருந்து மறுபடி ஆடச் சொன்னார்கள். வான் பாஸ்டன் ஒன்று, பிக்ஸி ஒன்று, மறுபடி 1-1. பெனால்டியில் மிலான் ஜெயித்தது. அந்தப் பருவம் முடியும்போது கோப்பை மிலான் கையில். அந்த மூடுபனி மட்டும் அரை மணி நேரம் தாமதமாக வந்திருந்தால் என்று பெல்கிரேடுக்காரர்கள் இன்னும் பெருமூச்சு விடுவார்கள்.

பெனால்டியில் தோற்றது ஒன்று. எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1990 இத்தாலி உலகக் கோப்பை. யூகோஸ்லாவியா என்ற நாடு கடைசியாக ஒரே அணியாக ஆடிய உலகக் கோப்பை அது. கோச் இவிட்சா ஓசிம். முதல் ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் 4-1 என்று அடி வாங்கி, பிறகு சுதாரித்து, ஜூன் 26 அன்று வெரோனாவில் ஸ்பெயினைச் சந்தித்தார்கள். 78-ஆவது நிமிடம். இடதுபக்கமிருந்து கிராஸ் வருகிறது, கடானெட்ஸ் தலையால் தட்டிப் பின்பக்கம் அனுப்புகிறார். அங்கே பிக்ஸி தனியாக நிற்கிறார். பந்து இறங்கி வருகிறது. கால் பின்னால் போகிறது. மைதானமே அவர் வாலி (பந்து தரையைத் தொடுமுன் அடிக்கும் அடி) அடிக்கப் போகிறார் என்று நினைக்கிறது. ஸ்பெயினின் மார்ட்டின் வாஸ்கெஸும் அப்படித்தான் நினைத்தார். பந்தை மறிக்கத் தரையோடு சறுக்கிக்கொண்டு வந்தார். பிக்ஸி அடிக்கவில்லை. பந்தைக் காலில் பஞ்சு மாதிரி வாங்கிக் கீழே வைத்தார். வாஸ்கெஸ் சறுக்கிக்கொண்டே அவரைத் தாண்டிப் போய்விட்டார். அப்புறம் நிதானமாக, கீப்பர் சுபிசரெட்டாவைத் தாண்டி மூலையில் உருட்டிவிட்டார். ஸ்பெயின் சமன் செய்ய, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அது ஆரம்பித்த சூட்டிலேயே ஒரு ஃப்ரீ கிக். சுவரைச் சுற்றி வளைத்து உள்ளே போட்டார். 2-1.

நான்கு நாள் கழித்து ஃபுளோரன்ஸில் காலிறுதி, மரடோனாவின் அர்ஜென்டினாவோடு. 31-ஆவது நிமிடத்தில் ஷாபனாஜோவிச் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். மீதி ஒன்றரை மணி நேரம் பத்துப் பேரோடு ஆடியும் யூகோஸ்லாவியாதான் மேலோங்கி நின்றது, அதிலும் பிக்ஸிதான் கண்ணில் நின்றார். 0-0. பெனால்டி. யூகோஸ்லாவியாவுக்கு முதலில் அடிக்க வந்தவர் பிக்ஸி. பந்து மேல்கம்பத்தில் பட்டு எகிறியது. வேடிக்கை என்னவென்றால் மரடோனாவும் அன்று தவறவிட்டார். ஆனால் மரடோனாவுக்குப் பின்னால் கொய்கொசெயா என்ற கீப்பர் இருந்தார். 3-2 என்று அர்ஜென்டினா ஜெயித்து இறுதிவரை போனது. பெனால்டி இரண்டு.

மூன்றாவதுதான் கொடுமை. உலகக் கோப்பை முடிந்த கையோடு பிரான்சின் மார்செய் கிளப் அவரை வாங்கியது. தபீ என்ற கோடீஸ்வரர் காசைத் தண்ணீராகச் செலவழித்து, ஐரோப்பியக் கோப்பையை வாங்கியே தீருவது என்று அணி கட்டிய காலம். பிக்ஸிக்கு முழங்கால் போனது. அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் ஓய்வு. அவர் விட்டுவந்த ரெட் ஸ்டாரோ ப்ரோசினெச்கி, சவிச்செவிச், பான்செவ், மிஹாய்லோவிச் என்று அந்த ஆண்டு மலர்ந்து நின்றது. 1991 மே 29, இத்தாலியின் பாரி நகரில் இறுதிப் போட்டி: மார்செய் எதிர் ரெட் ஸ்டார். பிக்ஸி மார்செய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரெட் ஸ்டார் கோல் வாங்காமல் இருந்தாலே போதும் என்று பின்னால் அடைத்துக்கொண்டு ஆடியது. ஐரோப்பிய இறுதிகளில் அவ்வளவு சலிப்பானது அபூர்வம். 112-ஆவது நிமிடத்தில்தான் பிக்ஸியை இறக்கினார்கள். எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும், பெனால்டிக்கு. தான் அடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். எதிரே நிற்பது சொந்தக் கிளப். மார்செய்யின் முதல் பெனால்டியை அமோரோஸ் கோட்டைவிட, ரெட் ஸ்டார் 5-3.

அதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எட்டு நிமிடம் ஆடிவிட்டு, பத்து மாதத்துக்கு முன் தன்னைத் தோளில் தூக்கி வைத்த ஜனங்களுக்கு எதிராக அடிக்கச் சொன்னால் கால் எப்படி வரும்? ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு வருஷம் பொறுத்திருந்தால் ரெட் ஸ்டார் சட்டையில் அந்தக் கோப்பையைத் தூக்கியிருப்பார்.

இதற்கப்புறம் ஐரோப்பாவில் அவருக்கு எதுவும் சரியாக அமையவில்லை. 1991-92-இல் கடனாக வெரோனாவுக்குப் போனார். ஸ்பெயினைச் சாய்த்த அதே பெந்தெகோதி மைதானம்தான், ஆனால் அந்த அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. மார்செய் 1993-இல் ஒருவழியாகச் சாம்பியன்ஸ் லீக் (அதே ஐரோப்பியக் கோப்பையின் புதுப் பெயர்) வென்றபோது பிக்ஸி காயத்தோடு வெளியே. அடுத்து அந்தக் கிளப் லஞ்ச வழக்கில் சிக்கி இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டது. நாட்டு அணிக்காவது ஆடலாம் என்றால் நாடே உடைந்துகொண்டிருந்தது. ஐ.நா. தடையால் 1992 யூரோவிலிருந்து, ஸ்வீடனுக்கே போய் இறங்கிய பிறகு, அணியைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த இடத்தில் கூப்பிடப்பட்ட டென்மார்க் கோப்பையையே வென்றது தெரிந்த கதை. 1994 உலகக் கோப்பைக்கும் 1996 யூரோவுக்கும் தகுதிச் சுற்றிலேயே சேர்க்கவில்லை. 27 வயதிலிருந்து 31 வரை, ஒரு எண் 10 உச்சத்தில் இருக்க வேண்டிய காலம், பெரிய சர்வதேசத் தொடர்களில் அவருக்கு வெற்றிடம். நீங்கள் பெயர் கேள்விப்படாததற்கு இதுதான் காரணம். திறமை குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1994-இல் ஜப்பானின் நாகோயா கிராம்பஸ் எய்ட்டுக்குப் போனார். டொயோட்டா பின்னால் இருக்கும் கிளப். ஜே லீக் ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வயதான ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் கடைசியாக நாலு காசு பார்க்கப் போகும் இடம் என்று பெயர். இங்கிலாந்தின் லினேக்கர் அங்கே காயத்தோடு ஓய்வு பெறும் கட்டத்தில் இருந்தார். அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. 1995-இல் ஆர்சென் வெங்கர் கோச்சாக வந்தார். ஆர்சனல் அவரைக் கூப்பிடுவதற்கு முந்தைய வெங்கர். அவர் செய்தது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. அணி முழுக்க நகர வேண்டிய விதத்தைச் சொல்லிக்கொடுத்து, பந்து பிக்ஸியிடம் போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டார். அந்த ஆண்டு லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது பிக்ஸிக்கு. 1996 புத்தாண்டு அன்று நடந்த இறுதியில் எம்பரர் கோப்பை நாகோயாவுக்கு. ஏழு வருஷம் அங்கேயே இருந்துவிட்டார். லீக்கில் 184 ஆட்டம், 57 கோல்.

தடை நீங்கியதும் நாட்டு அணிக்குக் கேப்டனாகத் திரும்பினார். 1998 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக ஒரு கோல், ஆட்டம் 2-2. நாக்அவுட்டில் நெதர்லாந்திடம் கடைசி நிமிடத்தில் தோல்வி. அதற்கு முன் மியாதோவிச்சின் பெனால்டி மேல்கம்பத்தில் மோதியது. அந்த நாட்டுக்கும் மேல்கம்பத்துக்கும் என்ன பகையோ! 35 வயதில் 2000 யூரோவும் ஆடினார். மொத்தம் 84 சர்வதேச ஆட்டங்கள், 15 கோல். இடையில் 1999 மார்ச்சில் நேட்டோ பெல்கிரேடில் குண்டு போட ஆரம்பித்த மூன்றாம் நாள், ஜப்பானில் விஸ்ஸல் கோபேக்கு எதிரான ஆட்டத்தில் சட்டையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே பனியனில் 'நேட்டோ, தாக்குதலை நிறுத்து' என்று எழுதியிருந்தது.

ஓய்வு 2001-இல். நேரே கோச் ஆகவில்லை. 36 வயதில் யூகோஸ்லாவியக் கால்பந்துச் சங்கத்தின் தலைவர், 2005 முதல் 2007 வரை ரெட் ஸ்டார் கிளப்பின் தலைவர். (அந்தத் தலைமுறைக்கே நாற்காலி ராசி போலிருக்கிறது. சவிச்செவிச் மாண்டினீக்ரோ சங்கத்துக்கும் ஷூக்கர் குரோஷியச் சங்கத்துக்கும் பல வருஷம் தலைவராக இருந்தார்கள்.) இந்த ஆறு வருஷத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. கோட்டு போட்ட பிக்ஸியைவிடப் பந்துக்குப் பக்கத்தில் நிற்கும் பிக்ஸிதான் எனக்கு முக்கியம்.

2008-இல் நாகோயா அவரைக் கோச்சாகக் கூப்பிட்டது. எங்கேயும் உதவிக் கோச்சாகக்கூட இருந்ததில்லை; நேரே முதல் வேலை. முதல் ஆண்டே அணி மூன்றாவது இடம். 2009-இல் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. 2010-இல் நாகோயா தன் வரலாற்றிலேயே முதல் தடவையாக லீக் சாம்பியன். நவம்பர் 20, ஷோனான் பெல்மாரே அணியின் ஊரில், தமாடா போட்ட ஒரே கோலில், இன்னும் மூன்று ஆட்டம் மீதியிருக்கும்போதே முடித்துவிட்டார்கள். கீப்பர் நராசாகி அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர். ஜே லீக்கில் ஒரு கீப்பருக்கு அந்த விருது அதுவே முதல் தடவை. முன்னால் ஆஸ்திரேலியாவின் உயரமான கென்னடி, 17 கோல். பின்னால் டூலியோ.

அந்த ஆண்டின் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 34 ஆட்டம்: 23 வெற்றி, 8 தோல்வி, டிரா வெறும் மூன்று. இரண்டாவது வந்த காம்பா ஒசாகாவைவிடப் பத்துப் புள்ளி அதிகம். எட்டு தடவை தோற்ற அணி இவ்வளவு இடைவெளியில் சாம்பியன் ஆவது சாதாரணமாக நடக்காது. எனக்கு அதில் பிக்ஸியின் முகம் தெரிகிறது. ஒரு புள்ளி போதும் என்று பின்னால் போய் உட்கார அவருக்கு வராது. 0-0, 1-1 என்று முடிந்த ஆட்டங்கள் வாழ்க்கையில் அவருக்குக் கொடுத்தவை மூன்று பெனால்டித் தோல்விகள். அதனால்தானா என்று கேட்டால், அது என் ஊகம்தான். ஆனால் அவர் அணிகளைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அடுத்த ஆண்டு 71 புள்ளி எடுத்தும், காஷிவா 72 எடுத்ததால் ஒரே புள்ளியில் லீக் போனது. 2013-இல் நாகோயாவை விட்டார்.

2009 அக்டோபர் 17-ஐச் சொல்லாமல் போனால் ஜப்பான்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். யோகோஹாமாவில் மரினோஸோடு ஆட்டம். ஓர் ஆட்டக்காரர் அடிபட்டுக் கிடக்க, எதிரணி கீப்பர் பந்தை வெளியே உதைத்துவிடுகிறார். அது உயரமாக வந்து நாகோயா பெஞ்ச் பக்கம் இறங்குகிறது. அங்கே கோட்டு சூட்டு, பளபளக்கும் தோல் ஷூவோடு பிக்ஸி. வயது 44. பந்து தரையைத் தொடுவதற்குள் வலது காலை வீசினார். ஐம்பது மீட்டர் தாண்டிப் பறந்து, ஆளில்லாத கோலுக்குள் ஒரு துள்ளலோடு போனது. அரங்கம் சிரித்துக் கைதட்ட, நடுவர் அவரை மைதானத்தை விட்டு வெளியே அனுப்பினார். அனுப்பப்படும்போதும் பிக்ஸி முகத்தில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

2015 முதல் 2020 ஜனவரி வரை சீனாவில் குவாங்சோ ஆர் அண்ட் எஃப். பக்கத்திலேயே எவர்கிராண்ட் என்ற பணக்காரக் கிளப் இருந்ததால், இவர்கள் ஊரில் இரண்டாவது பிள்ளை. 2017-இல் ஐந்தாவது இடம். இஸ்ரேலின் சஹாவி அந்த ஆண்டு 27 கோலும் 2019-இல் 29 கோலும் போட்டார். முன்னால் கொண்டாட்டம், பின்னால் ஓட்டை. இந்த வரியை மறக்க வேண்டாம், செர்பியாவிலும் இதேதான்.

2021 மார்ச்சில் செர்பியா பொறுப்பு. மூன்று பேர் பின்னால், இரண்டு பக்கமும் ஏறி ஓட ஆள், முன்னால் தாடிச், மித்ரோவிச், விளாஹோவிச் என்று எப்போதும் தாக்கும் அமைப்பு. அந்த ஆண்டு நவம்பர் 14, லிஸ்பன். உலகக் கோப்பைக்கு நேராகப் போக போர்ச்சுகலுக்கு ஒரு டிரா போதும். செர்பியா ஜெயித்தே ஆக வேண்டும். இரண்டாவது நிமிடத்திலேயே ரெனாட்டோ சான்செஸ் கோல். வேறு கோச்சாக இருந்தால் இன்னும் வாங்காமல் இருப்போம் என்று சுருண்டிருப்பார். தாடிச் 33-இல் சமன் செய்தார். இடைவேளையில் பிக்ஸி ஒரு நடுக்கள ஆட்டக்காரரை எடுத்துவிட்டு மித்ரோவிச்சை உள்ளே விட்டார். 90-ஆவது நிமிடம், தாடிச் கிராஸ், தூரக் கம்பத்தில் மித்ரோவிச்சின் தலை. 2-1. ரொனால்டோ தரையில் உட்கார்ந்துவிட்டார். அதுதான் கோச்சாக அவர் உச்சம் என்பேன், ஜே லீக் பட்டத்தைவிடவும்.

கத்தாரில் அதே துணிச்சல் திருப்பி அடித்தது. பிரேசிலிடம் 0-2, சரி. கேமரூனோடு 3-1 என்று முன்னால் இருந்தார்கள். இன்னும் நாற்பது நிமிடம்கூட இல்லை. தடுப்பு வரிசையைப் பத்தடி பின்னால் இழுத்திருந்தால் கதை முடிந்தது. இழுக்கவில்லை. நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். அபூபக்கர் பின்னால் நழுவிப் போய் கீப்பர் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார். மூன்று நிமிடத்தில் அதே வழியில் ஓடி சூப்போ மோட்டிங்குக்குக் கொடுத்தார். 3-3. சுவிட்சர்லாந்துக்கு எதிராகவும் 2-1 என்று முன்னால் இருந்து 2-3. மூன்று ஆட்டத்தில் ஐந்து போட்டு எட்டு வாங்கி, ஒரே புள்ளியோடு வீடு.

அது உறைத்திருக்க வேண்டும். 2024 யூரோவுக்குத் தகுதி பெற்றது பெரிய காரியம்தான். செர்பியா என்ற பெயரில் அந்த நாடு யூரோவுக்குப் போனதே அப்போதுதான். ஆனால் ஜெர்மனியில் ஆடியது வேறு அணி. முதல் ஆட்டத்தில் தாடிச் பெஞ்சில். இங்கிலாந்திடம் 0-1, ஸ்லோவேனியாவோடு கடைசி நொடியில் யோவிச் காப்பாற்றி 1-1, டென்மார்க்கோடு 0-0. மூன்று ஆட்டத்தில் ஒரு கோல், குழுவில் கடைசி. என் பார்வையில் இதுதான் அவர் செய்த பெரிய தப்பு. கத்தாரில் தோற்றது தன் ஆட்டத்தை ஆடி. ஜெர்மனியில் தோற்றது அடுத்தவர் ஆட்டத்தை ஆடி. நாட்டு அணி கோச்சுக்கு வருஷத்தில் சில வாரம்தான் ஆட்கள் கையில் கிடைப்பார்கள். நாகோயாவில் தினமும் காலையில் மைதானத்துக்கு வந்து தடுப்பு வரிசையைத் திருத்த முடிந்தது. செர்பியாவில் பழக்கியதை மாற்றவும் நேரமில்லை, பழையதைச் செப்பனிடவும் நேரமில்லை.

மீதி சீக்கிரம் நடந்தது. 2025 செப்டம்பரில் பெல்கிரேடில் இங்கிலாந்திடம் 0-5. அக்டோபர் 11-ஆம் தேதி லெஸ்கோவாட்ஸில் அல்பேனியாவிடம் 0-1. அரசியல் பகை மூட்டம் போட்டிருக்கும் ஆட்டம்; யாரிடம் தோற்றாலும் அவர்களிடம் தோற்கக் கூடாது என்று ஊரே நினைக்கும் எதிரி. அன்று இரவே ராஜினாமா. லெஸ்கோவாட்ஸ் அவர் பிறந்த நிஷிலிருந்து கூப்பிடு தூரம். அடுத்து வெல்கோ பவுனோவிச் பொறுப்பேற்றார்.

இனி வீடியோ. எல்லோரும் அந்தத் தோல் ஷூ கோலை அனுப்புவார்கள். ஸ்பெயின் கோலைத் தேடிப் பாருங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் ஒன்றே ஒன்று என்றால் 1994-இல் நாகோயா அணிக்காக அவர் ஆடிய ஓர் ஆட்டத்தைப் பாருங்கள், எதிரணி ஜெஃப் யுனைடெட். அடை மழை. மைதானம் குளம். பந்தை உருட்டினால் இரண்டடியில் தண்ணீரில் நின்றுவிடுகிறது. இருபத்தோரு பேரும் தடுமாறி உதைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிக்ஸி பந்தைக் காலால் அள்ளித் தூக்குகிறார். கீழே விழவிடாமல் தட்டிக்கொண்டே, தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு ஓடுகிறார். கீழே தரை ஆடவிடாவிட்டால் என்ன, மேலே காற்று காலியாகத்தானே இருக்கிறது என்கிற மாதிரி. தடுக்க வேண்டியவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் நின்று பார்க்கிறார்கள்.